குதிகாலுக்கு அடியில் ஒரு விரல்

எலும்பு இருக்கிறது என்றது கட்டைவிரல். இல்லை, வெறும் சதைதான் என்று அடுத்த அமுக்கில் அதே விரலே சொன்னது. துண்டுக்குள் கையை விட்டு, மடியில் தூங்குகிற குழந்தையின் வலது குதிகாலை மேகலா காலையில் பஸ் ஏறியதிலிருந்து அமுக்கிக்கொண்டேதான் வருகிறாள். இடது குதிகாலை அமுக்கினால் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று கெட்டியாகத் தட்டுப்படும். வலதில் விரல் போய்க்கொண்டே இருக்கிறது, பஞ்சு இறங்கிப்போன தலையணைக்குள் போவதுபோல. எலும்பு எங்கேயும் தொலைந்துவிடாது, குதிகால் நரம்பு அதைக் கிணற்று வாளி மாதிரி மேலே இழுத்துக்கொள்ளும், கீழே தோல்பை மட்டும் மிச்சமிருக்கும், அப்படி இருந்தால் நேராக்கிய பாதம் பழையபடி வளைகிறது என்று அர்த்தம். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த ஆஸ்பத்திரிதான். எதையும் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள் என்று அவளுக்குப் பெயர். பத்தாம் வகுப்பு வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியலில் அவள்தான் முதல். பிடித்துக்கொண்டு என்ன செய்ய? தெரியாதவளாக இருந்தால் இப்போது நிம்மதியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஒருவேளை தூக்கத்தில் காலை மடக்கியிருப்பதால் அப்படித் தெரிகிறதோ. முழங்காலை நீட்டி வைத்து அமுக்கினாள். இருக்கிறது. அமுக்கினாள். இல்லை.

புதன்கிழமை பாதம் வளைந்து பிறந்த குழந்தைகளுக்கான நாள். நடைக்கூடத்தில் பெஞ்சு போதாமல் தரையில்தான் பாதிப்பேர். தரையில் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி முழுக்கக் கால்கள்தான். நர்ஸின் வெள்ளை ஷூ, மெட்டி போட்ட கால், வெடிப்பில் கருப்பேறிய ஒரு பெரியவரின் கால், வார் அறுந்த செருப்பை ஊக்கு குத்தி ஓட்டுகிற கால். ஒவ்வொன்றும் குதிகாலை முதலில் ஊன்றி, அப்புறம் பாதத்தைச் சாய்த்து, அப்புறம் விரலை உந்தி, யாரிடமும் கேட்காமல், யோசிக்காமல் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பாதத்துக்குள் இருபத்தாறு எலும்பு. மாவுக்கட்டுப் போடுகிற ஜெயசீலன் அண்ணன் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பாதம் இருக்கும், கம்பியில் கோத்தது, தூக்கினால் கலகலவென்று ஆடும். முதல் நாள், குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள், அதைப் பார்த்துவிட்டு, "என்னுங்கண்ணா, பல்லாங்குழி ஆடலாமாட்ட இருக்குது" என்றாள் மேகலா. அழ வேண்டிய நாளில் அப்படிச் சொன்னதால் அவர் அவளை மறக்கவேயில்லை. கால் எலும்பு இரண்டும் சேர்ந்து கவட்டை மாதிரி மேலிருந்து பிடிக்கிற ஒரு எலும்பைத் தொட்டுக் காட்டினார். இதுக்குப் பேரு தாலஸ், இது மேல இருக்கற மூட்டுதான் பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுது, இதுக்கு அடியில இன்னொரு மூட்டு, அது உள்ளயும் வெளியயும் சாய்க்குது, உம் பொண்ணுக்கு ரெண்டுமே உள்பக்கமாக் கோணிக்கிச்சு, அவ்வளவுதான். அப்புறம் சும்மா சொல்வதுபோல ஒன்று சொன்னார். இந்த எலும்புல மட்டும் ஒரு தசையும் வந்து ஒட்டறதில்ல மேகலா, தானா ஒண்ணும் அசையாது, சுத்தி இருக்கறதுக எப்படித் தள்ளுதோ அப்படிப் போகும். உடம்பையே தாங்குற எலும்புக்குச் சொந்தமாக ஒரு தசை கிடையாது. அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கட்டின புருஷனிடம், மாமாவிடம் சொன்னாள், உங்க வீட்ல நானும் அந்தத் தாலஸுதான் என்று. கோழிப்பண்ணையில் தீவனம் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் புரைக்கேறச் சிரித்தார். இப்போது அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. பொய்தானே அது. யார் அவளைத் தள்ளினார்கள்?

"அக்கா!" பர்வீன். போன மாதம் இதே இடத்தில் கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்த பெண். அன்றைக்கு அவளுக்கு மேகலாதான் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, மாவுக்கட்டை வீட்டில் எப்படி வெந்நீரில் ஊற வைத்துப் பிரிப்பது என்று சொல்லிக்கொடுத்து, ஏண்டி, இதுக்குப் போயி இப்படிக் கண்ணக் கசக்குற, என் மகளப் பாரு என்று துண்டை விலக்கி நேரான பாதத்தைக் காட்டி, அதோடு விட்டாளா, ஞாபகம் வெச்சுக்க, கட்டு முடிஞ்சதும் கம்பி வெச்ச ஷூ குடுப்பாங்க, ரெண்டு காலையும் சேத்துப் பூட்டற ஷூ, தூங்கறப்பெல்லாம் போடோணும், பாவமேன்னு ஒரு நாள் கழட்டுன, ஒரு மாசம் பின்னாடி போயிரும், எங்கிட்ட ஒதை வாங்குவ என்று மிரட்டியும் அனுப்பினாள். யார் மிரட்டியது? இந்த வாய்தான். வெற்றிலை போடாமலே சிவக்கிற வாய் என்று மாமாவின் அம்மா, அத்தை, சொல்லும் வாய்.

"அக்கா, உங்களத்தான் நெனச்சுக்கிட்டே வந்தேன். இவனுக்கு இன்னிக்கு நாலாவது கட்டு. எங்க மாமியாருக்கு நம்பிக்கையே இல்லக்கா. வீடு தேடிப் போயாவது உங்க பாப்பா காலப் பாத்துட்டு வரணும்ங்குது. ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?"

"தூங்குது பர்வீனு. எந்திரிச்சா ஊரக் கூட்டீரும்."

"கால மட்டும்தானக்கா."

"வெளிச்சம் பத்தாது. அப்பறம் எடுத்துக்கலாம்."

பர்வீன் தலையாட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "என்னக்கா, இன்னிக்குச் சிரிப்பையே காணோம்?" "பல்லு வலி," என்றாள் மேகலா. துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். துண்டுக்குள் கட்டைவிரல் அமுக்கியது. எக்ஸ்ரேயில் இந்தப் பாதத்தைப் பார்த்த நாள் ஞாபகம் வந்தது. கருப்பில், விரல் பக்கத்துச் சின்னக் குச்சிகளைத் தவிர, மூன்றே மூன்று வெள்ளைப் பொட்டு. இருபத்தாறில் மிச்சமெல்லாம் எங்கே என்று கேட்டாள். இன்னும் குருத்தாக இருக்கிறது, குருத்து படத்தில் விழாது, தாலஸுக்கு முன்னால் கோணிப்போயிருக்கிற படகு மாதிரியான எலும்பே மூன்று வயதுக்கு மேல்தான் எலும்பாகும் என்றார் டாக்டரம்மா. இல்லாத எலும்புதான் இடம் மாறியிருக்கிறது. நுங்கு மாதிரி இருப்பதால்தான் கையாலேயே தள்ளி நேராக்க முடிகிறதாம். சந்தோஷம். கையால் தள்ளி நேராக்க முடிகிறதென்றால் சும்மா விட்டாலே கோணிக்கொள்ளவும் முடியும்தானே. அதை அவர் தனியாகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் அவர்கள் ஊரில் பதினைந்து நாள் ஒருவர் காலிலும் செருப்பு இருக்காது. வெளியூர் போகிறவர்கள் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டுக்கொள்வார்கள். போஸ்ட்மேன் எல்லைக்கல்லிலேயே கழற்றி சைக்கிள் கேரியரில் வைத்துவிடுவார். யாரும் அடித்துச் சொல்வதில்லை, அம்மன் தெருவில் நடக்கிற நாளில் நாம் தோலை மிதித்துக்கொண்டு நடப்பதா என்கிற கூச்சம், அவ்வளவுதான். காப்புக் கட்டிய அன்று சாயங்காலம், மேகலா குழந்தைக்கு ஷூவை மாட்ட உட்கார்ந்தபோது, வாசலில் நீர் தெளித்துக்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்து, "அது தோலாம்மிணி, ரெக்சினா?" என்று கேட்டார். கேட்டார், அவ்வளவுதான். கழற்று என்று சொல்லவில்லை. ரெக்சினுங்கத்தை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு அழுகியா போயிருக்கும்? கடையில் சேலை விலையை எத்தனை தடவை குறைத்துச் சொல்லியிருக்கிறாள் இதே அத்தையிடம். "தோலுங்கத்தை," என்றாள். அத்தை மறுபடி நீர் தெளிக்கப் போனார். மேகலா வாரைப் பிரித்தாள். பதினைந்து நாள்தானே என்று மாமாவிடம் சொன்னாள். "ஆஸ்பத்திரில கேட்டுக்கலாமா புள்ள?" என்றார் அவர். "நான் பாத்துக்கறனுங்க, எனக்குத் தெரியாததா?" என்றாள். எனக்குத் தெரியாததா. கால் சரியானதற்கு நன்றியாக அந்தத் திருவிழாவிலேயே வெள்ளியில் ஒரு பாதம் வாங்கி உண்டியலில் போட்டாள். கடையில் ஒரு தட்டு நிறையப் பாதங்கள் இருந்தன. எல்லாம் நேரான பாதம். கோணலாக ஒன்றைக்கூட யாரும் அடித்து வைப்பதில்லை.

குழந்தை அந்தப் பதினைந்து நாளும் என்னமாகத் தூங்கியது. இரண்டு காலையும் தனித்தனியாக உதைத்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி அவள் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை ஒரு காலைத் தூக்கி யார் மேலும் போட்டதில்லை, கம்பி விடாது. காலையில் மேகலா காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுப்பள்ளத்தில் அதைப் போட்டுக் குளிப்பாட்டும்போது, தலை அவளுடைய கரண்டைக்கால்களுக்கு இடையில் பொருந்திக்கொள்ளும், பாதம் இரண்டும் அவள் வயிற்றில் வந்து உதைக்கும், எண்ணெய்க் கையால் அந்த வலது பாதத்தை உருவிவிடும்போது கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்தது. பத்தாம் நாளா, பதினொன்றாம் நாளா? வழுக்குது, அதான் அப்படி என்று நினைத்தாள். நினைத்தாளா? நினைத்துக்கொண்டாள். இரண்டும் ஒன்றில்லை. பதினோராம் நாள் என்றால் இன்னும் நான்கு நாள் இருந்தது. அன்றைக்கு மாட்டியிருந்தால்? அன்றைக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருந்தால்? அன்றைக்கு அவள் பார்த்தது பாதத்தை அல்ல. வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்காதே. அது வேண்டாம்.

நினைப்பு இன்னொரு பக்கம் ஓடியது. ஆறாம் வகுப்பில் வசந்தாமணி என்று ஒருத்தி. பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடப்பாள், பாதத்தின் மேல்புறத்தில் மாட்டுக்குளம்பு மாதிரி காய்த்துப்போயிருக்கும். காலைப் பிரார்த்தனைக்கு அவள் வரிசையில் வந்து சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிடும். கோணக்காலி என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அவள் மாதிரி நடந்துகாட்டி மொத்த வகுப்பையும் சிரிக்க வைத்தது யாரென்று தெரியும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதத்தைச் சாய்த்து, கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு வரைக்கும். நன்றாக நடித்தாள். வசந்தாமணிகூடச் சிரித்தாள். சிரித்தாளா, வாயைத் திறந்தாளா? இப்போது யாருடைய பாவாடை அது, யார் நடந்துகாட்டப்போகிறார்கள், எந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் தர்ணிகா வாயைத் திறப்பாள்?

காப்பு அவிழ்த்த மறுநாள் ஷூவை மாட்டினால் வலது குதிகால் உள்ளே இறங்கவில்லை. ஷூவின் பின்பக்கத்தில் குதிகால் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் இருட்டுத்தான் தெரிந்தது. வாரை இழுத்துக் கட்டினாள், குழந்தை வீறிட்டது, கழற்றினாள், மறுபடி கட்டினாள். குழந்தை வளந்திருச்சு, ஷூதான் பத்தல என்றாள் வீட்டில். அப்புறம் வெள்ளிக்கிழமை. குழந்தை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டது. "அடியே மேகலா, ஓடியா, உம்மவ நிக்கறாளே!" அத்தை கையைத் தட்டினார், பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள், மாமா செல்லில் படம் பிடித்தார். எல்லோரும் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்கள். மேகலா தரையைப் பார்த்தாள். இடது குதிகால் தரையில். வலது குதிகால் தரையில்தான். தரையில்தானே? முத்தம் கொடுப்பதுபோலக் குனிந்து, யாரும் பார்க்காமல், ஆள்காட்டி விரலைக் குதிகாலுக்கு அடியில் நீட்டினாள். விரல் போனது. முட்டாமல், தடுக்காமல், கதவிடுக்கில் எறும்பு போவதுபோல உள்ளே போனது. கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் எழுந்து கை தட்டினாள்.

வெள்ளியிலிருந்து புதன்வரை ஐந்து நாள் அந்த விரலை எதில் தேய்த்தும் குதிகாலடி இடைவெளி போகவில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டாள். குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல், அதனால் ஷூ போடவில்லை. மூன்று நாள் என்பது நல்ல கணக்கு, அம்மாக்கள் செய்யக்கூடிய தப்பு. மூன்று, மூன்று என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தர்ணிகா! தர்ணிகா அம்மா!"

உள்ளே போனாள். அடுத்த எண் பர்வீனுடையது, அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரைச்சீலையை ஒட்டி வந்து நின்றாள். டாக்டரம்மா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "முழங்கால நீட்டிப் புடிம்மா," என்றார். ஒரு கையால் குதிகாலைப் பிடித்து, மறு உள்ளங்கையால் பாதத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளினார். போன தடவை பாதம் முகத்தைப் பார்ப்பதுபோல மேலே வந்தது. வா, வா சாமி, இன்னும் கொஞ்சம் வா. பாதம் பாதியிலேயே நின்றது. டாக்டரம்மா விட்டுவிட்டு மறுபடி தள்ளினார். மறுபடி அங்கேயே நின்றது. குதிகாலைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஒரு தடவைதான் அமுக்கினார், அவருக்கு அது போதும்.

"ஜெயசீலன், இங்க பாருங்க."

பிறகு கணுக்காலைச் சுற்றி விரலை ஓட்டினார். கொழுத்த சதையில் வளையமாக ஒரு மெல்லிய பள்ளம். "ஷூ எத்தன நாள் போடல?"

மூன்று என்று வாய் எடுத்தாள். "எங்கூர்ல காப்புக் கட்டியிருந்தாங்க டாக்டர். பதினஞ்சு நாளைக்கு ஊருக்குள்ள ஒருத்தரும் தோல் செருப்பே போட மாட்டாங்க. அதனால..."

"கைக்குழந்தைக்குமா?"

"எங்கூர்லயும் அப்படித்தான் மேடம்," என்றார் ஜெயசீலன் மாவுக்கட்டுச் சுருளை எடுத்துக்கொண்டே. "வீட்ல பெரியவங்க விட மாட்டாங்க. இந்தம்மா கெட்டிக்காரி, தெரிஞ்சு பண்ணாது."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். திட்டப்போன முகம் தளர்ந்தது. திரைச்சீலைப் பக்கத்திலிருந்து பர்வீன், "சாமி காரியம், என்னக்கா செய்வீங்க," என்றாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. மேகலா அப்படியே நின்றிருந்தால் போதும். அம்மன் வாங்கிக்கொள்வாள், அத்தை வாங்கிக்கொள்வார், ஊர் வாங்கிக்கொள்ளும், சுற்றியிருக்கிறவர்கள் தள்ளினார்கள், இந்த எலும்பு போனது. பர்வீன் தன் குழந்தையின் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கும் ஷூ கொடுப்பார்கள்.

"சாமியெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க," என்றாள் மேகலா. குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "எங்கண்ணன் பாப்பாவுக்குக் கொலுசு எடுத்துக் குடுத்திருந்துச்சு. திருகாணி வெச்ச கொலுசு. தினம் கழட்டி மாட்ட முடியாது, அதப் போட்டா ஷூ போகாது. பொறந்ததுலருந்து அந்தக் கால்ல கட்டையும் கம்பியுமாவே பாத்துட்டேன். ஒரு தடவ கொலுசோட பாக்கோணும்னு இருந்துச்சுங்க. எங்கத்தை ஷூ தோலான்னுதான் கேட்டாங்க. கழட்டுன்னு சொல்லல. நானாத்தான் கழட்டுனேன்."

ஜெயசீலன் வாளித் தண்ணீரைப் பார்த்தார். பர்வீன் மேகலாவைப் பார்த்தாள், பிறகு கட்டில்மேல் கிடந்த அந்தப் பாதத்தைப் பார்த்தாள், வீடு தேடி வந்து பார்க்க நினைத்த பாதத்தை. பிறகு தன் பையனைத் தோளோடு இறுக்கிக்கொண்டு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"நாலு கட்டு போடணும்," என்றார் டாக்டரம்மா எழுதிக்கொண்டே. "மொத தடவ மாதிரி குதிகால் நரம்ப மறுபடி வெட்டி விட வேண்டி வரலாம்."

"அப்பறம் சரியாயிருங்களா?"

"சரியாகும்மா. மறுபடி வளையவும் செய்யலாம். நாலு வயசு வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது."

நான்கு வயது. குழந்தைக்கு இன்னும் ஒன்றே முடியவில்லை. அழுகை வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. தொடையை அசையாமல் பிடிக்கச் சொன்னார் ஜெயசீலன். பஞ்சைச் சுற்றினார், கொலுசுப் பள்ளம் மறைந்தது. மாவுத்துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, விரலிலிருந்து தொடை வரைக்கும் சுற்றினார், கட்டைவிரலைத் தசை ஒட்டாத அந்தத் தாலஸுக்கு முட்டுக் கொடுத்து, மிச்சப் பாதத்தை அதைச் சுற்றி வெளிப்பக்கமாக மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். குழந்தை விழித்து இரண்டு கத்துக் கத்திவிட்டு, மாவு இறுகும்போது வருகிற சூட்டில் மறுபடி கண் சொக்கிப்போனது. முதல் கட்டின்போது மேகலா இதே சூட்டைத் தொட்டுப் பார்த்து, இட்லிக் குண்டானாட்ட இருக்குதுங்கண்ணா என்று சிரித்தாள். அதையே இப்போதும் சொல்வாளோ என்று அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மேகலா தொடையையே பிடித்துக்கொண்டிருந்தாள். சூடு உள்ளங்கைக்குள் ஏறியது, நின்றது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது.

"ஆறிருச்சு. கையெடு மேகலா."

கை எடுபடவில்லை. அது வழுக்கிக்கொண்டு கீழே போனது, முழங்கால் தாண்டி, கணுக்கால் தாண்டி, கட்டைவிரல் தானாகவே குதிகாலைத் தேடிப் போய் அமுக்கியது. மறுபடி அமுக்கியது. எங்கே அமுக்கினாலும் கெட்டியாகவே இருந்தது.